இரண்டாவது கேபிள்: மேற்படி

“முதல் கேபிள்: சிவப்பு வயர் இரண்டாம் முனையில், வெள்ளை மூன்றாம் முனையில். இரண்டாவது கேபிள்: மேற்படி.”

நான்கு வருடங்களுக்கு முன், ஒரு ஞாயிறு காலை பத்தரை மணிக்கு என் டைரியில் எழுதிய குறிப்பு இது. எந்த வேலையையும் குறித்து வைக்காமல் இருக்கமாட்டேன். அன்று செய்த ஒரே தவறு, வேலை முடியும் முன்பே குறித்துவிட்டதுதான்.

அக்கா மகளுக்கு ஆவடியில் கல்யாண வரவேற்பு. “மாமன் நீதானே, மேடையில நாலு வார்த்தை பேசுடா” என்றாள் அக்கா. எனக்கோ மேடை என்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். (தனியாக இருப்பவனுக்குப் பேச்சுப் பழக்கம் பால்காரரோடு முடிந்துவிடுகிறது.) பதிவு செய்து தருவதாகச் சொன்னேன். ஏழு நிமிடம் குடும்ப வரலாறு. கடைசி அரை நிமிடம், அக்காவுக்கு மட்டும் விளங்கும்படி ஒரு மன்னிப்பு. அத்தான் இறந்தபோது நான் மூன்றாம் நாள்தான் போய் நின்றேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

இரண்டு மைக் வாங்கினேன். கடைக்காரர், “ரெடிமேட் கேபிள் கீது சார், மாட்டினா வேலை முடிஞ்சிது” என்றார்.

“உள்ளே எப்படிப் பற்றவைத்திருக்கிறார்கள் என்று தெரியாதே?”

“அது எனக்கே தெரியாது சார்.”

படித்தவன் விடுவேனா? வயரும் பிளக்கும் தனித்தனியாக வாங்கி நானே பற்றவைத்தேன். திருநின்றவூர் வீட்டில் ஜன்னல்களைச் சாத்தி, வாயிலிருந்து இரு மைக்குகளுக்கும் ஸ்கேல் வைத்துச் சமதூரம் அளந்து பேசினேன். ஒரு காதுக்கு ஒரு மைக்காக ஹெட்போனில் கேட்டபோது குரல் நடுவில் நிற்காமல் நாலாபக்கமும் பரவியது. ஒற்றை ஆள் வீடு முதல்முறையாக நிறைந்தது போலிருந்தது. இதுதான் தரம் என்று நினைத்துக்கொண்டேன்.

மண்டபத்தில் ஒலித்தது: என் மின்விசிறியின் கடக் கடக், மின்சார ரயிலின் ஹாரன், பக்கத்து வீட்டுக் குக்கரின் மூன்று விசில். நான் மட்டும் இல்லை.

“மாமா வூட்ல குக்கர்தான் பேசும் போல” என்றார் மாப்பிள்ளையின் சித்தப்பா. மண்டபமே சிரித்தது. சவுண்டு சர்வீஸ்காரர் நிறுத்தப் போனார். அக்கா கையை உயர்த்தித் தடுத்தாள்.

“இருங்க, இப்பப் பேசுவான்.”

ஏழரை நிமிடமும் மேடையில் நின்று கேட்டாள். நான் பேசவேயில்லை.

பிறகு சர்வீஸ்காரர் என்னைத் தனியே கூப்பிட்டார். “ஒரு கேபிள்ல சிவப்பையும் வெள்ளையையும் மாத்திப் பத்த வச்சிட்டியா நைனா? ஹால்ல ரெண்டு மைக்கும் ஒண்ணா கலக்கும். ஒண்ணு தள்ள, ஒண்ணு இழுக்க, உன் கொரலு காலி. ஆமா, ஸ்கேல் வச்சா அளந்தே?”

“ஆமாம். துல்லியமாக.”

“அதான். மத்த சத்தமெல்லாம் சமதூரத்துல இல்ல, தப்பிச்சிடுச்சி. ரெண்டு இஞ்சு முன்னபின்ன வச்சிருந்தா கொஞ்சமாச்சும் கேட்டிருக்கும்.”

வீட்டுக்கு வந்து இரண்டாவது கேபிளின் பிளக்கைத் திறந்தேன். ‘மேற்படி’ இல்லை, வெள்ளைதான் இரண்டாம் முனையில் இருந்தது. டைரியில் திருத்தினேன்.

இன்றும் குடும்பத்தில் யாராவது பேச்சை நிறுத்தி யோசித்தால், “இரு, இப்பப் பேசுவான்” என்று யாரோ தொடங்க, எல்லோரும் சிரிக்கிறார்கள். நானும்தான்.

வரவேற்புக்கு மறுநாளே அந்தப் பதிவை அக்காவின் போனுக்கு அனுப்பி, “இயர்போனை ஒரு காதில் மட்டும் வைத்துக் கேள், குரல் வரும்” என்று எழுதியிருந்தேன். பார்த்ததற்கான நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. போன பொங்கலுக்கு அவள் வீட்டுக்குப் போனபோது, எல்லோரும் அதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருக்க, அவள் மட்டும் சிரிக்காமல் என் இலையில் இன்னொரு வடை வைத்தாள்.

அவள் அதைக் கேட்டாளா என்பது இதுவரை உறுதியாகவில்லை.