ராணியக்காவும் இரண்டு பஞ்சுத் துண்டுகளும்

விழித்திருக்கும் மனிதரோடு கதைத்து வெல்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நித்திரையில் கிடக்கும் மனிதரோடு கதைத்து வென்றவர், எனக்குத் தெரிந்து, முரசுமோட்டை ராணியக்கா ஒருவர்தான். என் சின்ன மகளை மத்தியானங்களில் அவருடைய விறாந்தையில்தான் நித்திரையாக்கிவிட்டு, மூத்தவளைப் பள்ளிக்கூடத்தால் ஏற்றிவரப் போவேன். அக்கம்பக்கத்தில் வேறு ஆளில்லை. அங்கே விட்டது சரியா என்று இன்றைக்கும் யோசிக்கிறேன்.

ராணி என்பது பட்டப்பெயர். கோயில் கூத்தில் வரும் இராணியின் பாட்டெல்லாம் அவருக்கு மனப்பாடம். சட்டி மினுக்கும்போதும் அதுதான், மாட்டுக்குத் தண்ணீர் வைக்கும்போதும் அதுதான். அந்த இராணி நல்லவள் அல்ல. தளபதியான புருசனை ஏவி, அவனை வளர்த்த அரசனையே வேட்டைக்காட்டில் கொல்ல வைப்பவள். கடைசியில் சிம்மாசனம் இருக்கும், பக்கத்தில் புருசன் இருக்கமாட்டான்.

ராணியக்காவின் புருசனை ஊர் லான்ட்மாஸ்டர் அண்ணை என்றது. அவர் ஓட்டும் இரண்டு சக்கர உழவு மெசின் போடும் சத்தத்தில் அரைவாசிகூட அவர் போடமாட்டார். கூத்தில் எப்போதும் கட்டியகாரன் வேடம்: "அரசர் வருகிறார்" என்று கூவிவிட்டு ஒதுங்கி நிற்க வேண்டும். அந்த ஒதுங்கல்தான் ராணியக்காவுக்குப் பிடிக்கவில்லை.

ஒரு மத்தியானம் சின்னவளை அங்கே நித்திரையாக்கிவிட்டு வீட்டுக்குப் போய், கறிக்கோப்பையைத் திருப்பிக் கொடுக்க வந்தேன். சோளகக் காற்றில் பனையோலைகள் உரசிக்கொண்டிருந்தன; வேறு சத்தமில்லை. அண்ணை விறாந்தைப் பாயில் மல்லாந்து கிடந்தார். ராணியக்கா முழங்காலில் நின்று, வாயை அவருடைய காதோடு வைத்திருந்தார். உதடு மட்டும் அசைந்தது. அதற்கேற்ப அண்ணையின் கால் பெருவிரல் துடித்தது.

"என்னக்கா செய்யிறியள்?"

"மெல்லமாக் கதை பிள்ளை. இப்பதான் உள்ளுக்குப் போய்க்கொண்டிருக்கு."

"என்னது?"

"முழிச்சிருக்கேக்க சொன்னா மாட்டனெண்டுவார். நித்திரையில சொன்னா, தன்ர யோசனையெண்டு எழும்புவார்."

சொல்லி வாய் மூடவில்லை, அண்ணை எழும்பிக் கண்ணைக் கசக்கினார். "இஞ்சாரும், எனக்கொரு யோசனை வந்திருக்கு. கமக்காரர் அமைப்புக்கு நான் தலைவரா வந்தா என்ன?"

"உங்களுக்கு எங்கயிருந்துதான் இதெல்லாம் வருதோ" என்று தேத்தண்ணீரை நீட்டினார் ராணியக்கா.

சிரிப்பதா, பக்கத்துப் பாயில் கிடந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுவதா என்று தெரியாமல் கோப்பையோடு நின்றேன்.

அண்ணை ஊர் விவசாயிகளின் தலைவரானார். அந்தப் பதவியிலிருந்து இறங்கியவர் அவருடைய பெரியண்ணை. உழவு பழக்கி, மெசின் எடுத்துக் கொடுத்து ஆளாக்கியவர். அதன்பிறகு வாய்க்கால் கரையில் தம்பியைக் கண்டால் பெரியண்ணை சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார். "பெரியண்ணை பாவம்" என்று அண்ணை சொல்லிக்கொண்டு திரிந்தார். பிறகு ஒரு மத்தியான நித்திரையோடு அந்தச் சொல்லும் நின்றுவிட்டது.

அந்த வருடம் கூத்துப் பழக்கும் அண்ணாவியார் தளபதி வேடத்தைத் தலைவருக்கே கொடுத்தார். அரங்கேற்றத்துக்கு முன் வெள்ளை வேட்டியோடு ஆடிப்பார்க்கும் வெள்ளுடுப்பு நாளில் ஊரே கூடியிருந்தது. தளபதி நித்திரை கொள்வான். இராணி குனிந்து காதில் பாட வேண்டும். இராணி வேடம் தையல்கடைக்காரருக்கு. மீசையோடு குனிந்து பாடினார்:

"ஒதுங்கி நின்றது போதும் என் சாமி, பெரியவர் என்று பாராதேயும்..."

அண்ணை கண்ணைத் திறந்தார். தையல்கடைக்காரரைப் பார்க்கவில்லை. சனத்துக்குள் ராணியக்காவைத் தேடினார். மத்தளம் நின்றது.

"இதை நான் படுத்திருந்து கேட்டிருக்கிறன்" என்றார், பாட்டில்லாமல்.

"தலைவர் வசனத்தை மாத்திப்போட்டார்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். சனம் சிரித்தது. ராணியக்கா சிரிக்கவில்லை. சட்டி மினுக்கும்போது தினமும் கேட்ட பாட்டுத்தான். ஆனால் கிடந்த கிடையில், காதில் மூச்சுப் படக் கேட்டபோதுதான் அண்ணைக்கு விளங்கியிருக்கிறது. புருசனை ஏவ ராணியக்காவிடம் கூத்தின் சொற்களைத் தவிர வேறு சொற்கள் இருக்கவில்லை.

அடுத்த நாளே அண்ணை பெரியண்ணையின் வீட்டுக்குப் போய்த் தலைவர் பதவியைத் திருப்பிக் கொடுத்தார். அரங்கேற்றத்தில் பழையபடி கட்டியகாரன். அவர் அவ்வளவு உரத்துக் கூவி நான் கேட்டதில்லை. பாயில் படுப்பதை விட்டார். மத்தியானங்களில் அறைக்குள் கதிரையில் நிமிர்ந்திருந்து, இரண்டு காதிலும் பஞ்சை அடைத்துக்கொண்டு கண்ணை மூடினார். மனைவியோடு, பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரரோடு கதைப்பதுபோல் கதைத்தார். கூத்தில் இராணிக்குச் சிம்மாசனமாவது மிஞ்சும்.

இனி ராணியக்காவுக்கு ஊத ஒரு காது இல்லை என்றுதான் நினைத்தேன். ஒருநாள் திரும்பி வந்தபோது, அவருடைய வாய் என் சின்னவளின் காதோடு இருந்தது.

"என்னக்கா சொன்னனீங்கள்?"

"சும்மா ஒரு கதை பிள்ளை."

அன்று முழுக்கப் பிள்ளையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் சோற்றைத் தள்ளினாலும் பயம், கேட்டு வாங்கித் தின்றாலும் பயம். வீட்டில் என் புருசனிடம் சொன்னேன். "உமக்கு எல்லாத்துக்கும் பயம்" என்றார். மறுநாளும் அங்கேதான் விடவேண்டியிருந்தது.

கொஞ்ச நாள் கழித்து, வழமையைவிட வெள்ளெனவே திரும்பினேன். ஸ்கூட்டரைப் படலைக்கு வெளியிலேயே நிறுத்தி, மூத்தவளின் கையைப் பிடித்துக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தேன். காற்று விழுந்திருந்தது. ராணியக்கா குனிந்திருந்தார். இந்த முறை எனக்குக் கேட்டது.

"நீ ஒரு பெரிய ஆளாவும் வரவேண்டாம், என்ர குஞ்சு. ஒருத்தரையும் தள்ளவும் வேண்டாம். நல்லா நித்திரை கொள்ளு. அது காணும்."

திறந்த கதவுக்குள் அண்ணை கதிரையில் இருந்தார். இரண்டு பஞ்சுத் துண்டுகளும் அவருடைய உள்ளங்கையில் இருந்தன. ஒரு சொல்லும் தவறாமல் கேட்கவேண்டும் என்பதுபோலத் தலையை விறாந்தைப் பக்கம் சாய்த்திருந்தார்.

"ஏனம்மா நிக்கிறம்?" என்று மூத்தவள் என் கையை இழுத்தாள்.

"பொறு, ராணி மாமி கதைச்சு முடிக்கட்டும்" என்றேன்.