மொட்டை மாடி மைக்ரோவேவ்

“ஒண்ணும் கேக்கலங்க,” என்றாள் கமருன்னிஸா கைப்பேசியில்.

“கொஞ்சம்கூடவா?”

“இரைச்சல் மட்டும்தான் வருது.”

சைபுல்லா மொட்டை மாடியில் நின்று தலையைச் சொறிந்தார். எதிரே அறுவடை முடிந்த வயல்கள் தட்டையாகக் கிடந்தன. அவற்றைத் தாண்டி வெள்ளைப் புள்ளியாகத் தெரிந்தது மச்சினி மர்யம் வீட்டு மாடி. அங்கேதான் அவர் மனைவி ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

சவூதியில் இருபது வருஷத்துக்கு மேல் டவர் ஏறியவர் அவர். ஊரார் பேச்சையெல்லாம் சுமக்கிற மைக்ரோவேவ் டிஷ்களுக்கு போல்ட் முடுக்குவது வேலை. கஜா புயல் அடித்தபோது சொந்த ஊரான முத்துப்பேட்டையோடு தொடர்பு அறுந்து, வீட்டில் இருப்பவர்கள் உயிரோடு இருக்கிறார்களா என்பதே பல நாள் தெரியவில்லை. வேலையை விட்டு ஊர் திரும்பியதும், போன் அறுந்தாலும் பேச ஒரு வழி இருக்கட்டும் என்று அமெச்சூர் ரேடியோ தேர்வெழுதி லைசென்ஸ் வாங்கினார். நீடாமங்கலத்தில் வங்கி வேலையில் இருந்த ஹரிஹரசுப்ரமணியன் என்ற ரேடியோ நண்பர் வழிகாட்டினார். மைக்ரோவேவ் வெளிச்சம் மாதிரி நேராகப் போகும், எதிர் மாடி கண்ணுக்குத் தெரிந்தால் பேச்சும் போய்ச் சேரும் என்பது சைபுல்லாவின் கணக்கு. நடுவில் நின்று மறைத்த தென்னந்தோப்பைப் புயலே சாய்த்துவிட்டிருந்தது.

வீட்டுக்கு மைக்ரோவேவ் வரப்போகிறது என்று கேள்விப்பட்டதும் கமருன்னிஸா அடுப்படி மேடையில் இடம் ஒதுக்கித் துடைத்து வைத்தாள். வந்ததோ சின்ன டிஷ் இரண்டும் தகரப் பெட்டி இரண்டும். அதற்கும் அவள் கோபப்படவில்லை. பேசுவதற்கு லைசென்ஸ் வேண்டும் என்பதால் கேட்கிற வேலை மட்டும் அவளுக்கு. சாயங்காலம் அஸர் தொழுகை முடிந்ததும் ஆட்டோ பிடித்துத் தங்கை வீட்டுக்குப் போய்விடுவாள்.

கேட்கவில்லை என்றதும் சைபுல்லாவுக்கு டிஷ் மேல்தான் சந்தேகம் வந்தது. வீட்டு டிவிக்கு இருந்த பெரிய டிஷ்ஷைக் கழற்றி மாட்டினார். டிவி நின்றது. மறுநாளும் அதே பதில்.

அடுத்து, பக்கத்து வீட்டு ஜெகபர் அலியின் தோட்டத்தில் தப்பிப் பிழைத்திருந்த ஒற்றைத் தென்னை மேல் கண் விழுந்தது. காற்றடித்தால் அதன் மட்டை குறுக்கே ஆடியது. கெஞ்சிக் கூத்தாடி ஆளை ஏற்றி மட்டையை வெட்டச் சொன்னார். அது நேராகக் கோழிக்கூண்டின் மேல் விழுந்தது. கோழிகள் தெரு முழுக்க ஓடின. பொழுது சாயும்வரை ஜெகபர் அலியும் அவரும் கோழி பிடித்தார்கள். அப்புறம் மூச்சு வாங்க மாடியேறி மைக்கை எடுத்தார்.

“இப்பயும் கேக்கலங்க. நாளைக்குப் பாப்போம்,” என்றாள் கமருன்னிஸா.

உயரம் போதவில்லை என்று தோன்றியது. தண்ணீர்த் தொட்டிக்கு மேல் கம்பம் நட ஓட்டை போட்டபோது, பக்கத்தில் இருந்த குழாய் உடைந்து தண்ணீர் படிக்கட்டு வழியாக வாசலுக்கு வந்தது.

ஜெகபர் அலி வேலியோரம் வந்து நின்றார். “ஒங்க வீட்டுல டிவி இல்ல, தண்ணி இல்ல. எங்க வீட்டுல முட்டை இல்ல. அந்தப் பக்கம் என்னதாங்க கேக்குது?”

“இன்னும் ஒண்ணும் கேக்கல,” என்றார் சைபுல்லா.

இதற்கிடையில் வேறொரு சிக்கலும் இருந்தது. சோதனை என்றால் விடாமல் பேச வேண்டும். முதல் நாள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினார். எத்தனை நேரம் எண்ணுவது? யாருக்கும் கேட்காத பேச்சுதானே என்று வாய்க்கு வந்ததைப் பேசத் தொடங்கினார். வயலில் மேயும் கொக்குகளைப் பற்றிச் சொன்னார். சவூதியில் டவர் உச்சியில் உட்கார்ந்து, ஊர் எந்தப் பக்கம் என்று உத்தேசமாகப் பார்த்து அந்தத் திசையில் திரும்பிச் சாப்பிட்டதைச் சொன்னார். காய்ச்சலில் கிடந்துகொண்டு போனில் ‘நல்லா இருக்கேன்’ என்று பொய் சொன்னதைச் சொன்னார். வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் ‘போதும்’ என்ற ஒரு சொல்லுக்கு மேல் பேசாதவர், காலி வயலைப் பார்த்துப் பேசிக்கொண்டே இருந்தார்.

குழாயைச் சரிசெய்து கம்பத்தை நட்ட அன்று புயல் நாட்களைப் பற்றிப் பேசினார்.

“லைன் கெடைக்கவே இல்ல கமரு. போன கையிலயே வச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். ரூம்ல இருந்தவங்க ஒன்னப் பத்திக் கேட்டாங்க. ஒம் பேரச் சொன்னா அழுதுடுவேன்னு எந்திரிச்சு வெளிய போயிட்டேன். இத நேர்ல சொல்ல எனக்கு வராது.”

அன்று கைப்பேசியில் பதில் வரத் தாமதமானது. அவள் குரலும் கம்மியிருந்தது.

“கேக்கலங்க,” என்றாள். “நாளைக்கும் பண்ணிப் பாருங்க.”

மாடிப் பனியில் உட்கார்ந்து அவளுக்குத் தொண்டை கட்டிவிட்டது என்று அவர் நினைத்தார். அதுவே அவரை உறுத்தியது. தன் ஆசைக்காக அவளை ஏன் அலைக்கழிக்க வேண்டும்? டவரில் போல்ட் முடுக்கியவனுக்கு இதெல்லாம் எட்டாத வித்தை என்று தீர்மானித்தார். ஹரிஹரசுப்ரமணியனைக் கூப்பிட்டு, எல்லாவற்றையும் அவரே எடுத்துக்கொள்ளட்டும் என்றார். கமருன்னிஸாவிடம் எதுவும் சொல்லாமல், மறுநாள் காலையில் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு மர்யம் வீட்டுக்குப் போனார்.

அவர் மாடியில் டிஷ்ஷின் திருகுகளைக் கழற்றிக்கொண்டிருந்தபோது மர்யம் தேநீர் கொண்டுவந்தாள். கைப்பிடிச் சுவரில் டம்ளரை வைத்துவிட்டு, போகாமல் அங்கேயே நின்றாள்.

“ஒனக்கும் தெனம் தொந்தரவு, மர்யம்,” என்றார் சைபுல்லா. “இனிமே ஒங்க ராத்தா வந்து இங்க காத்துக் கெடக்க வேண்டியதில்ல. நான் பேசுனது எதுவும் கடைசி வரைக்கும் வந்து சேரவே இல்ல.”

மர்யம் படிக்கட்டுப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“கழட்டாதீங்க மச்சான். மொத நாள்லேருந்தே கணீர்னு கேக்குது. கேக்குதுன்னு சொல்லிட்டா நீங்க பேசுறத நிறுத்திடுவீங்கன்னு ராத்தாதான் மறைச்சுச்சு.”