துரைக்கு நான் போட்ட றோட்டு

நான் வாழ்க்கையில் ஒரேயொரு தடவைதான் செபமாலையை அவசரப்பட்டுச் சொன்னேன். அதற்குப் பிறகு எத்தனையோ நல்ல காரியங்கள் செய்துவிட்டேன். நாங்கள் இருக்கும் மோர்டனில் யாரும் அவற்றைப் பற்றிப் பேசுவதில்லை.

வீடுகளுக்குக் கிச்சன் பூட்டுவது, அதாவது அலுமாரி, தட்டெல்லாம் அளந்து பொருத்துவது, என் தொழில். முன்பு ஜேர்மனியில் இருந்தபோது பழகியது. அரை மில்லிமீற்றர் பிசகினாலும் கழற்றித் திரும்பப் பூட்டுவேன் (இந்தப் பெருமையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்). கிச்சன் பூட்டிய வீட்டுக்காரர் ஒருவர், நாடு மாறிப் போகும்போது தன் பச்சோந்தியை என் தலையில் கட்டிவிட்டுப் போனார். கூட்டுக்குள் அது நாள் முழுக்க வலையைப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தபடி இருந்தது. எனக்குப் பொறுக்கவில்லை. திறந்து வளர்க்கப் போவதாக மனைவி ஜெசிந்தாவிடம் சொன்னேன்.

"ஓணானையோ? வீட்டுக்குள்ளயோ?"

"ஓணான் இல்லை, பச்சோந்தி."

"ஊரில கண்ட இடமெல்லாம் கல்லெறிஞ்சனீங்கள். இஞ்ச வந்து அதுக்கு அறை கட்டிக் குடுக்கப் போறியள்." உடுப்பு மடித்து முடித்துவிட்டுத் தீர்ப்புச் சொன்னாள். "சரி, விடுங்கோ. ஆனா தன்ர இடத்தை விட்டு ஒருக்கா வெளியில வந்தாலும், அண்டைக்கே ஆருக்கும் குடுத்திடவேணும்."

ஓம் என்றேன். அவ்வளவு நம்பிக்கை.

பச்சோந்தி நிலத்தில் இறங்க விரும்பாது. உயரம், இலை, சூடு மூன்றும் இருக்கும் இடத்தில் பேசாமல் இருக்கும். ஆகவே கூடு தேவையில்லை, சுற்றிவர வெறுமை இருந்தால் போதும். ஹோலின் மூலையில், சீலிங்கில் ஒரு இரும்புக் கம்பி பூட்டி, அதில் காய்ந்த கிளைகளைத் தொங்கவிட்டேன். கீழே உயரமான தட்டில் மூன்று பெரிய செடிகள். மேலே சூட்டு லைற். ஜன்னல் திரையை ஒரு கை தூரம் தள்ளிவைத்தேன். "காத்துத்தான் சுவர்," என்று வீட்டுக்கு வந்த எல்லோருக்கும், கேட்காதவர்களுக்கும், விளக்கம் கொடுத்தேன். நாலு மாதம் அது எல்லையைத் தாண்டவில்லை. ஒரு காலை எடுத்து, யோசித்து, முன்னும் பின்னும் ஆடி, பிறகு வைக்கும் அதன் நடையைப் பார்த்து மகள் ஷரோன் அதற்குத் துரை என்று பெயர் வைத்தாள். பின்னேரம் வேலையால் வந்து அதன் முன்னால் தேத்தண்ணியோடு இருப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

ஒக்டோபர் வந்தது. எங்கள் செபக்குழுவில் அந்த மாதம் மாதாவின் சுருவம் வீடு வீடாகப் போகும். மன்னாரிலிருந்து யாரோ சீலையில் சுற்றிக் கொண்டுவந்த பழைய சிலை, தலையில் சின்னப் பித்தளைக் கிரீடம். எங்கள் வீட்டு முறைக்காக ஜெசிந்தா இரண்டு வருடம் காத்திருந்தாள்.

"அண்டைக்கு மட்டும் துரையைக் கூட்டுக்குள்ள விடுங்கோவன்."

"தேவையில்லை. டிசைன் அப்பிடி."

சோடினை என் பொறுப்பு. சுருவத்துக்கு மேலே ஒரு வளைவு வேண்டும் என்று தடித்த கயிற்றில் பச்சை இலைச்சரம் சுற்றினேன். ஒரு நுனியைத் திரைக் கம்பியில் கட்டினேன். மற்ற நுனிக்குச் சுவரில் புது ஓட்டை போட ஜெசிந்தா விடவில்லை. ஆகவே இருந்த ஒரே கொளுக்கியில் கட்டினேன். அது துரையின் கம்பியில் இருந்தது. மாதாவின் முகம் இருட்டாகத் தெரிந்ததால் ஒரு லைற்றும் பூட்டினேன். அது துரைக்கு வாங்கி வைத்திருந்த மேலதிகச் சூட்டு லைற். பின்னால் தள்ளி நின்று பார்த்தேன். அரை மில்லிமீற்றர் பிசகவில்லை.

பின்னேரம் இருபது பேர் வந்தார்கள். குழுவின் தலைவி றெஜினா அன்ரி, செபத்தில் ஒரு சொல்லை விழுங்கினாலும் திருப்பிச் சொல்ல வைப்பவர், முன்னால் கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். செபமாலையில் ஐந்து பத்து, ஒவ்வொன்றிலும் பத்து 'அருள் நிறைந்த மரியே'. மூன்றாவது பத்தில் நான் நிமிர்ந்து பார்த்தபோது துரை வளைவில் நின்றது.

ஒரு மரியேக்கு ஒரு அடி. தொழில்காரன் அல்லவா, தூரத்தைக் கண்ணால் அளந்தேன். இந்த வேகத்தில் ஐந்தாவது பத்தின் நடுவில் மாதாவின் தலைக்கு வந்துவிடும். நாலாவது பத்து சொல்லும் முறை என்னுடையது. அதை ஓட்டமாக முடித்தால், கும்பிடு முடிந்து எல்லோரும் ரோல்ஸ் சாப்பிடத் திரும்பும்போது எடுத்துவிடலாம்.

தொடங்கினேன். என் வாயிலிருந்து வந்தது செபமா ஏலமா என்று தெரியவில்லை. சனம் மூச்சு வாங்கியபடி பின்னால் ஓடிவந்தது. ஜெசிந்தா என்னைப் பார்த்தாள், பிறகு மேலே பார்த்தாள், பிறகு என்னைப் பார்க்கவேயில்லை.

பத்து முடிந்தது. றெஜினா அன்ரி கண் திறக்காமலே சொன்னார். "மரியதாஸ், நீர் பதின்மூண்டு சொல்லிப்போட்டீர். பாதிச் சொல்லும் இல்லை. ஆறுதலா, நிறுத்தி நிறுத்தி, முதல்ல இருந்து சொல்லும்."

முதலில் இருந்து சொன்னேன். துரைக்கு அவசரமில்லை. நான் இரண்டாம் தரம் சொன்ன பத்தின் கடைசி மரியேக்கு அது கிரீடத்தைப் பிடித்து ஏறி, லைற்றின் கீழே உடம்பைச் சாய்த்து, ஒரு கண்ணால் மாதாவையும் மறு கண்ணால் றெஜினா அன்ரியையும் பார்த்தது. அவரும் அப்போதுதான் கண்ணைத் திறந்தார்.

"இருங்கோ எல்லாரும்," என்றார். "இன்னும் ஒரு பத்துக் கிடக்கு."

ஒரு பத்தும் பிரார்த்தனையும் துரையின் தலைமையில் நடந்தன. முடிந்ததும் நான் போய்த் தூக்கினேன். கிரீடமும் சேர்ந்து வந்தது. சுருவம் சரிய, ஜெசிந்தா பாய்ந்து பிடித்தாள். கிரீடத்தை விடச்சொல்லித் துரையிடம் நான் கெஞ்சியதை இருபது பேரும் ரோல்ஸ் சாப்பிட்டபடி பார்த்தார்கள். வெட்கமாக இருந்தது. ஆனால் துரையைக் கொடுத்துவிட வேண்டும் என்பது வெட்கத்தைவிடக் கனமாக இருந்தது.

எல்லோரும் போனபின் பழைய கூட்டை எடுத்துத் துடைத்தேன்.

"என்ன செய்யிறியள்?" என்றாள் ஜெசிந்தா.

"நீர் சொன்னதுதானே. இடத்தை விட்டு வந்திட்டுது."

"அது எங்க வந்தது? நீங்கள் றோட்டுப் போட்டு, போற இடத்தில லைற்றும் கொழுத்திக் குடுத்தனீங்கள். பாவம், வாயில்லாச் சீவன், போச்சுது." கூட்டை என் கையிலிருந்து வாங்கினாள். "இதுக்குள்ள விடவேண்டிய ஆள் அதில்லை."

துரை இன்னும் மூலையில் திறந்தபடி வாழ்கிறது. சோடினை இப்போது ஜெசிந்தாவின் பொறுப்பு. போன மாதம் ரயில் வேலைநிறுத்த நாளில், கோவிலில் பாதிரியார் சுவாமி பூசையைக் கொஞ்சம் விரைவாகக் கொண்டுபோனபோது, பின்வரிசை வாங்கிலிருந்து றெஜினா அன்ரியின் குரல் கேட்டது.

"துரை வாறார் போல."

கோவில் முழுக்கச் சிரித்தது. சுவாமிக்கும் கதை தெரிந்திருக்கிறது. எனக்கு மட்டும் இன்றுவரை யாரும் ஒரு பத்துச் சொல்லத் தருவதில்லை, துரை இல்லாத வீடுகளிலும்கூட.