கேட்டைத் தாண்டாத ரப்பர்

பார்சலைச் சுற்றி மஞ்சள் நாடா கட்டியிருந்தார்கள்.

ஒரகடம் தொழிற்சாலை வாசலில் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கிய கோதா, என்ன விஷயம் என்று செக்யூரிட்டி பகலவனிடம் கேட்டாள்.

"இன்னான்னு தெரில மேடம். உங்க பேருக்குத்தான் வந்துகீது. கிட்ட போவாதன்னு சேஃப்டி சார் சொல்லிட்டாரு."

உள்ளே இருந்தவை எட்டு ரப்பர் துண்டுகள். கார் இன்ஜினைத் தாங்கும் ரப்பர் ஆறே மாதத்தில் ஏன் வெடித்துப்போகிறது என்று கண்டுபிடிக்க, ரப்பர் லேபில் வேலை பார்க்கும் கோதாதான் அவற்றை மும்பை அணு ஆராய்ச்சி மையத்துக்கு அனுப்பியிருந்தாள். அங்கே நியூட்ரான் கற்றையை ரப்பர் வழியே விட்டு, அது எப்படிச் சிதறுகிறது என்று பார்ப்பார்கள். உறுதிக்காக உள்ளே கலந்த கரித்தூள் சீராகப் பரவியிருக்கிறதா, கட்டிதட்டியிருக்கிறதா என்பது தெரிந்துவிடும். அதற்கு முறை வரவே ஏழு மாதம் காத்திருந்தாள். இனி, திரும்பி வந்திருக்கும் அதே துண்டுகளை லேபில் இழுத்து, கட்டிதட்டியவைதான் முதலில் கிழிகின்றன என்று காட்ட வேண்டும். மறுநாள் கார் கம்பெனிக்காரர்கள் வருகிறார்கள்.

பாதுகாப்பு அதிகாரி ஏகாம்பரநாதன் ஹெல்மெட், மாஸ்க், கையுறை சகிதம் வந்தார். கோதா பொறுமையாக விளக்கினாள். அதுதான் தப்பு. அதுவரை ஏதோ ரசாயனம் என்றே நினைத்திருந்தவர், நியூட்ரான் என்று கேட்டதும் நாடாவை இன்னும் இருபது அடி தள்ளிக் கட்டச் சொன்னார். டூவீலர் ஸ்டாண்டில் பாதி அதற்குள் போய்விட்டது.

மும்பையிலிருந்து மெயிலில் சான்றிதழ் வரவழைத்துக் காட்டினாள். கதிரியக்கம் இயற்கை அளவைத் தாண்டவில்லை என்று எழுதியிருந்தது.

"தாண்டலைன்னா, இருக்குன்னுதானேம்மா அர்த்தம்?"

"வாழைப்பழத்துலயும்தான் சார் இருக்கு."

அன்று கேன்டீனில் வாழைப்பழம் நிறுத்தப்பட்டது.

கோதாவுக்குக் கோபத்தில் காது சுட்டது. பதினோரு வருஷம் ரப்பரோடு மல்லுக்கட்டியவள் சொல்வதை நம்ப இந்த வளாகத்தில் ஒரு ஆள் இல்லை. விறுவிறுவென்று நாடாவுக்குள் போனாள். பார்சலைப் பிரித்து, ஒரு துண்டை வெறுங்கையால் எடுத்து எல்லோருக்கும் தூக்கிக் காட்டினாள்.

அதன்பிறகு அவளையும் கேட்டுக்குள் விடவில்லை. மதியச் சாப்பாடு பாக்குமட்டைத் தட்டில் வெளியே வந்தது. பகலவன் அதை ஒரு ஸ்டூலில் வைத்து, ஸ்டூலைக் குடைக்கம்பால் அவள் பக்கம் தள்ளினான். தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம், வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது என்றான். அவளுக்கு அழுகை முட்டியது. அழுதால் அதையும் ஏகாம்பரநாதன் அறிக்கையில் எழுதிவிடுவார் என்று அடக்கிக்கொண்டாள்.

கடைசியில், கல்லூரியில் கூடப் படித்த தாவீதுக்குப் போன் செய்தாள். அவனுக்கு ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் ஸ்கேன் பிரிவில் வேலை. கதிர்வீச்சை அளக்கும் மீட்டர் அங்கே உண்டு. ஷிஃப்ட் மாறும் நேரத்தில் அவன் மீட்டரோடு பைக்கில் வந்து இறங்கினான். இரண்டு ஷிஃப்ட் ஆட்களும் நாடாவுக்கு வெளியே கூடிவிட்டார்கள். நல்லதுதான், எல்லோரும் பார்க்கட்டும் என்று கோதா நினைத்தாள்.

தாவீது மீட்டரை ஆன் செய்து பார்சலருகே கொண்டுபோனான். அளவைத் தானே குறித்துக்கொள்ள வேண்டும் என்று ஏகாம்பரநாதனும் பக்கத்தில் வந்து குனிந்தார்.

மீட்டர் கதறியது.

கூட்டம் சிதறி ஓடியது. கோதாவுக்கு படித்ததெல்லாம் பொய்யா என்று முதல்முறையாக ஒரு சந்தேகம்.

ஏகாம்பரநாதன் மட்டும் ஓடவில்லை. மாஸ்க்கைக் கீழே இறக்கிவிட்டு பிளான்ட் ஹெட்டுக்குப் போன் போட்டார். தான் தடுத்திராவிட்டால் மூவாயிரம் பேரின் கதி என்னவாகியிருக்கும் என்றும், இந்த அம்மாவை இன்றைக்கே சஸ்பெண்ட் செய்தாக வேண்டும் என்றும் சொன்னார்.

தாவீது மீட்டரை அணைத்தான். மாஸ்க் இல்லாத அந்த முகத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தான்.

"முந்தாநாள் எங்க ஆஸ்பத்திரியில ஹார்ட் ஸ்கேனுக்குக் கதிரியக்க மருந்து ஊசி போட்டு, மூணு நாளைக்கு யார் பக்கத்துலயும் போகாதீங்கன்னு சொல்லித்தானே சார் உங்கள அனுப்பினோம்?"