கோளரியின் படை மடிந்த கதை

ஏழு மலைக்கு அப்பால், மழை தவறினாலும் வரி தவறாத வெண்குன்ற நாடு என்று ஒன்று இருந்தது. அங்கே அரியணைக்கும் தேர்தல் உண்டு. ஒருமுறை முன்னேறுவோர் அணி ஜெயிக்கும், மறுமுறை திருத்துவோர் அணி ஜெயிக்கும். எவர் வந்தாலும் முதல் வேலையாக, முடிந்துபோன போரைச் சீர்செய்வார்கள். நடக்கிற காரியத்தைச் சீர்செய்வதைவிட அது சுலபம்.

அந்தப் போரின் தளபதி பெயர் கோளரி. சாம்பலாற்றங்கரையில் எதிரி மூன்று பக்கமும் வளைத்துக்கொண்டபோது, போதும், வீட்டுக்குப் போவோம் என்று படையை ஆற்றில் இறக்கிவிட்டவர். கழுத்தளவு வெள்ளத்தில், ஆற்றின் குறுக்கே கட்டிய வடத்தைப் பிடித்தபடி நின்று, கடைசி ஆள் கரையேறிய பிறகே தானும் ஏறினார். குளிர்காய்ச்சல் கண்டு, பெரியாண்டி என்ற சிப்பாயின் மடியில் உயிர் விட்டார். "எல்லாரும் வந்துட்டீங்களாடா?" என்று கேட்டதுதான் அவருடைய கடைசிப் பேச்சு.

பெரியாண்டி வீடு வந்து சேர்ந்த அன்று, அவன் மனைவி சிலம்பாயி ஊர் பார்க்கிறதே என்றும் பாராமல் அவன் காலைக் கட்டிக்கொண்டு அழுதாள். குலதெய்வத்துக்கு ஏற்றும் விளக்குக்குப் பக்கத்தில் அன்று முதல் கோளரிக்கும் ஒரு விளக்கு வைத்தாள். பார்த்தறியாத அந்த மனிதர் மேல் அவளுக்கு அப்படியொரு பிரியம்.

முன்னேறுவோர் ஆட்சிக்கு வந்தார்கள். கோளரி ஓரடியும் பின்வைக்கவில்லை, அவர் படை நின்ற இடத்திலேயே மடிந்தது என்று சட்டம் போட்டார்கள். சிவப்புத் தலைப்பாகையோடு வந்த வரலாற்று அதிகாரி திருமேனிநாதர், சிலம்பாயியின் வாசலில் நின்று அனுதாபம் தெரிவித்தார். அவளோ முற்றத்தில் மாட்டுக்குத் தீனி வைத்துக்கொண்டிருந்த புருஷனைக் கை காட்டினாள்.

"அம்மணி, தாங்கள் காண்பது தனிப்பட்ட அனுபவம். வரலாறு வேறு" என்றார் திருமேனிநாதர்.

மடிந்தவர்களுக்குப் பசிக்காது என்பதால் அரசு அளந்துவந்த பெரியாண்டியின் பங்கு நெல் நின்றது. தளபதியின் நினைவாக இனி நாட்டில் எவரும் எதுவும் பின்னால் அடி வைக்கக் கூடாது என்று அடுத்த ஆணை வந்தது. கிணற்றில் கவலை கட்டித் தண்ணீர் இறைக்கிற மாடு சரிவில் முன்னே இறங்கினால் தண்ணீர்ச் சால் மேலே வரும், பின்னே நடந்தால்தான் சால் திரும்பக் கிணற்றில் இறங்கும். மாடுகள் சரிவின் அடியிலேயே நின்றுவிட்டன. கிணற்றில் தண்ணீர் இருக்க, பயிர் காய்ந்தது. மடிந்த வீரர்களுக்கு வருடந்தோறும் பிள்ளை பிறந்ததைத் தளபதியின் ஆசி என்று சபையில் பதிந்துகொண்டார்கள்.

சிலம்பாயிக்கு இதெல்லாம் கூடப் பெரிதில்லை. வீரனின் கைம்பெண் பொட்டும் பூவுமாகத் தெருவில் வரக் கூடாது என்றார்களே, அதுதான் அவளை அரித்தது. வீட்டுக்குள் குங்குமம் வைப்பாள், வாசற்படி தாண்டும்போது அழிப்பாள். அரசு நடத்தும் வெற்றி விழாவில் வெறும் நெற்றியோடு மேடையேறி அழ வேண்டும். நிஜமாகவே அழுகை வந்துவிடும் அவளுக்கு. ஒரே ஒரு நாள், தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு, புருஷனோடு சேர்ந்து தேர் பார்க்கப் போக வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான்.

அடுத்த தேர்தலில் திருத்துவோர் ஜெயித்தார்கள். முன்னோக்கி நடப்பது பழைய ஆட்சியின் அடையாளம் என்று, மாடுகள் இனிப் பின்னோக்கி மட்டுமே நடக்கலாம் என்றார்கள். கிணற்றுக்குள் இறங்கிய சால் அங்கேயே கிடந்தது.

திருமேனிநாதர் மறுபடி வந்தார். இப்போது தலைப்பாகை நீலம். பிழை திருத்தப்படும், பெரியாண்டி உயிரோடிருக்க அரசு இசைந்திருக்கிறது என்றார். சிலம்பாயி உள்ளே ஓடிப்போய்க் குங்குமம் வைத்துக்கொண்டு, பிறகே வாசலுக்கு வந்தாள். அந்த நெற்றியைத் தெரு பார்த்து எத்தனையோ காலமாகியிருந்தது.

"ஒரேயொரு வாக்குமூலம் போதும்" என்று அதிகாரி தொண்டையைச் செருமினார். "படையைத் தவிக்கவிட்டுக் கோளரி முதல் ஆளாக ஓடினார். அவர் ஓடியதைக் கண்ணால் கண்டதாகச் சொல்பவர்களே இனி உயிரோடிருப்பவர்கள் ஆவார்கள்."

பெரியாண்டி மனைவியைப் பார்த்தான்.

"நீ சொல்லு புள்ள. வெளியில மூளியா நின்னது நீதானே. நீ சொல்றபடி செய்யறேன்."

அவன் சொன்னால் சொன்னதைச் செய்வான் என்று அவளுக்குத் தெரியும். செய்துவிட்டு, அப்புறம் நிம்மதியாக ஒருவேளைச் சோறு தின்ன மாட்டான் என்பதும் தெரியும். தேர் வருகிற தெருவை ஒருமுறை பார்த்தாள். முந்தானையை எடுத்து, நெற்றியை அழுத்தித் துடைத்தாள்.

"எழுதிக்குங்கய்யா. எங்க வீட்டுக்காரரு ஆத்தங்கரையிலயே செத்துட்டாரு."

திருமேனிநாதர் திகைத்துப்போய்ப் பெரியாண்டியின் பக்கம் திரும்பி, இந்த அம்மாள் சொல்வது உண்மைதானா என்று விசாரித்தார்.

"ஆமாங்க. செத்துட்டேன்" என்றான் பெரியாண்டி. அவன் கண் கலங்கியிருந்தது. தெருவே பார்க்க, அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

அதிகாரி அடுத்த வீட்டுக்குப் போனார். அங்கும் செத்தவரே வாசலுக்கு வந்து, தான் செத்த விவரத்தைச் சொல்லி அனுப்பினார். அதற்கடுத்த வீட்டிலும் அப்படியே.