பேட்டரி அக்கா விளக்கை அணைத்த காலை

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் இருட்டுக்குப் பயப்படுகிறவர்கள் அத்தனை பேரையும் தராசின் ஒரு தட்டில் ஏற்றி, மறுதட்டில் பேட்டரி அக்காவை மட்டும் ஏற்றினால், அக்காவின் தட்டுதான் தாழும். நான் பத்து பாகாட் நகரில் வேலை பார்த்த வருடங்களில் அவரோடு சேர்ந்து சைக்கிள் ஓட்டியவள் என்ற முறையில் இதைச் சத்தியம் செய்தே சொல்வேன்.

எங்களுடையது சின்னக் கூட்டம். ஞாயிற்றுக்கிழமைகளில் விடியும் முன் கிளம்பி, வெயில் ஏறும் முன் வீடு திரும்புவோம். தலைவர் தேவா அண்ணன், இன்சூரன்ஸ் விற்கும் காப்புறுதி முகவர். எதிரில் இருப்பவரின் பயத்தைக் கிளப்பியே பிழைப்பு நடத்துகிறவர், ஆனால் தனக்கென்று ஒரு பயமும் கிடையாது. சைக்கிள் கடை வைத்திருந்த லிம், தூரப் பயணங்களுக்குத் தன் வேனை ஓட்டிக்கொண்டு பின்னால் வருவார். அப்புறம் நான், வாணி. அப்புறம் அக்கா.

அக்காவுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். எங்களில் யாருக்கும் அது தெரியாது. ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தையலைச் சரிபார்க்கும் வேலை அவருக்கு. ஒரு சட்டையைக் கையில் கொடுத்தால் நிறத்தைப் பார்க்க மாட்டார், அது எந்த இடத்தில் பிரியும் என்று பார்ப்பார். உலகத்தையும் அப்படித்தான் பார்த்தார். சைக்கிள் விளக்குக்கு பேட்டரி வாங்கும்போது இந்தக் குணம் உச்சத்துக்குப் போகும்.

அவர் கணக்குப்படி உலகத்தில் மூன்று வகை பேட்டரிகள் உண்டு. மூன்றுமே மனிதனைக் கைவிடப் பிறந்தவை. விரல் பருமனில் இருக்கும் சாதாரண டபுள் ஏ பேட்டரி உள்ளுக்குள் கசிந்து, வெள்ளையாகப் பூத்து, விளக்கின் குடலையே அரித்துவிடும். திரும்பத் திரும்ப சார்ஜ் செய்யும் டபுள் ஏ, பேய் உறிஞ்சியதுபோல் அலமாரிக்குள்ளேயே தானாகக் காலியாகும். தடித்த லித்தியம் பேட்டரியோ கசியாது, காலியாகாது, நேராக வெடித்துவிடும்.

இத்தனை தெரிந்தவர் என்ன செய்தார் என்றால், மூன்றையும் வாங்கினார். கைப்பிடியில் இரண்டு விளக்கு, தலைக்கவசத்தில் ஒன்று. மூன்றுக்கும் மூன்று வகை பேட்டரி. ஒரே நேரத்தில் மூன்று வகையும் சதி செய்யாது என்பது அவர் நம்பிக்கை. உதிரி பேட்டரிகளை ஒன்றோடொன்று உரசாதபடி தனித்தனியாகப் பழைய காலுறைகளில் சுற்றி முதுகுப்பையில் வைத்திருப்பார். முதல்முறை அந்தப் பையைத் திறந்து பார்த்தபோது, யாரோ கைக்குழந்தைகளுக்குத் துணி மூட்டை கட்டியிருக்கிறார்கள் என்றே நினைத்தேன்.

ஒருநாள் லிம்மின் கடையில் அக்கா லித்தியம் பேட்டரி கேட்டார். புதிதாக வந்த ஒன்றை லிம் எடுத்துப் போட்டார். மலிவானது. எவ்வளவு மின்சாரம் தாங்கும் என்று மேலே தங்க எழுத்தில் மிகப் பெரிய எண் அச்சடித்திருந்தது. அக்கா அதைக் கையில் நிறுத்துப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார், முகர்ந்தும் பார்த்தார்.

"இத்தனூண்டு உடம்புல இத்தாம் பெரிய நம்பரா? பொய் சொல்லுதுலா இது" என்று திருப்பிக் கொடுத்தார்.

லிம் அடுத்ததை எடுத்தார். அதில் எண் சின்னதாக இருந்தது. இவ்வளவு குறைவாக இருந்தால் நடுவழியில் நின்றுவிடுமே என்று அதற்கும் பயந்தார். கடைசியில் இரண்டையும் வாங்கிக்கொண்டு, இரண்டின் மேலும் சந்தேகத்தோடு வீட்டுக்குப் போனார்.

டபுள் ஏ வாங்கும் முறையே வேறு. செலவு ஒன்றும் இல்லாத ஒரு சோதனையை எங்கோ கேள்விப்பட்டிருந்தார். பேட்டரியை நட்டமாகப் பிடித்து மேசைமேல் போட வேண்டும். உயிருள்ளது தொப்பென்று விழும், செத்தது துள்ளும். அதற்காகக் கடை கடையாகப் போய் உறையைப் பிரித்து முகப்பு மேசையில் போட்டுப் பார்ப்பார். ஒரு மினிமார்க்கெட்டில் இருந்த மலாய்ப் பெண் பயந்துபோய், "காக், புவாட் அபா?" என்று கேட்டாள். என்ன செய்கிறீர்கள் என்று கேட்டவளுக்கு அக்கா மிகுந்த அன்போடு சோதனையை விளக்கினார். அந்தப் பெண்ணுக்கும் ஆர்வம் வந்துவிட்டது. நான் ரொட்டி எடுத்துக்கொண்டு திரும்பி வந்தபோது இருவரும் சேர்ந்து கடையிலிருந்த பேட்டரிகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பின்னால் வரிசை கதவு வரை நின்றது.

லித்தியத்தை சார்ஜ் செய்யும் நாளில் அவர் வீட்டில் கிட்டத்தட்ட ஊரடங்கு. சமையல் வாயு உருளையைக் கழற்றி வாசலுக்குக் கொண்டுபோவார். பேட்டரியைக் குளியலறைத் தரையில் மண்சட்டிக்குள் வைத்து, பக்கத்தில் ஒரு வாளி மணலோடு நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுவார். குளிக்கப் போக முடியாமல் துண்டோடு கூடத்தில் காத்திருந்த அவர் கணவர் ஒருமுறை என்னிடம் குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"எனக்கு ஆபரேஷன் பண்ணி வார்டுல போட்டிருந்தாங்கம்மா. அப்பகூட இவ இப்படிப் பக்கத்துல உக்காந்து பாக்கல."

அவரோடு சைக்கிளில் போவது தனி அனுபவம். யோங் பெங் பக்கம், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றுக்குள் போய்க்கொண்டிருந்தோம். மரங்களுக்கு நடுவே, அவருடைய வெளிச்சத்தில், இரண்டு சிவப்புக் கண்கள் மின்னின. அக்கா கையைத் தூக்கினார். எல்லோரும் நின்றோம். அவர் ஒரு அடி அசைந்தால் கண்களும் அசைந்தன. புலி என்றார். தேவா அண்ணன் சிரித்தார். ஆனால் அவரும் முன்னால் போகவில்லை என்பதைக் கவனித்தேன். வானம் வெளுக்கும்வரை வியர்வையோடு நின்றோம். வெளுத்த பிறகு பார்த்தால், செம்பனைக் குலைகளை ஏற்றித் தள்ளிப்போகும் ஒற்றைச் சக்கர வண்டி ஒன்று கவிழ்ந்து கிடந்தது. யாரோ அதன் பின்புறத்தில் பிரதிபலிப்பான் இரண்டு ஒட்டியிருந்தார்கள்.

அக்கா வெட்கப்படுவார் என்று நினைத்தேன். "இன்னிக்கு வண்டி. எல்லா நாளும் வண்டியாவே இருக்குமா?" என்று கேட்டுவிட்டு ஏறி மிதித்தார்.

சிரித்துக்கொண்டே கேட்ட அந்தக் கேள்வி எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அதன் பிறகு எனக்கும் இருட்டில் முதுகு கூசத் தொடங்கியது. பயம் சளிக்காய்ச்சலைப்போல. பக்கத்தில் இருப்பவருக்கு இருந்தால் போதும்.

அப்படிப்பட்ட நேரத்தில்தான் தேவா அண்ணன் மெர்சிங் திட்டத்தைக் கொண்டுவந்தார். வேனில் கஹாங்வரை போய், அங்கிருந்து விடியும் முன் மிதிக்கத் தொடங்கி, வெயில் ஏறும்போது மெர்சிங் கடலைப் பார்ப்பது. அந்தச் சாலையின் இரு பக்கமும் காடு. யானைகள் கடக்கும் இடம் என்று படம் போட்ட மஞ்சள் பலகைகள் வழியெல்லாம் நிற்கும். அக்கா எல்லா வகையிலும் எதிர்த்தார். யானை, லாரி, மூடுபனி, பள்ளம், மழை, மறுபடியும் யானை. அவர் வரமாட்டார் என்று முடிவு செய்தோம். கிளம்பும் நேரத்தில் தலைக்கவசத்தோடு வந்து வேனில் முதல் ஆளாக உட்கார்ந்திருந்தார்.

இவ்வளவு பயத்தை வைத்துக்கொண்டு ஏன் வருகிறீர்கள் என்று கேட்டேன்.

"நீங்க போயி திரும்புற வரைக்கும் வீட்ல உக்காந்து பயந்துகிட்டு இருக்கணும். அதுக்கு கூடவே வந்து பயப்படலாம்ல."

கஹாங்கில் இறங்கியதும் எல்லோருடைய விளக்குகளையும் ஏற்றி, அணைத்துச் சோதித்தார். என் விளக்கு புதிது. பேட்டரி உள்ளேயே அடைத்து வைத்தது, கழற்ற முடியாது, கைப்பேசிபோல் சார்ஜ் செய்துகொள்ளலாம். அக்காவுக்கு அதைப் பார்த்ததுமே பிடிக்கவில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டாத ஒன்றை எப்படி நம்பி இருட்டில் போவது என்று கேட்டார். எனக்கு எரிச்சல் வந்தது. சைக்கிளில் ஏறி மிதித்தேன்.

தேவா அண்ணன் முன்னால் பாட்டுப் பாடிக்கொண்டே போனார். கொஞ்ச நேரத்தில் பாட்டும் கேட்கவில்லை. அக்கா எனக்குப் பின்னால், சாலையின் ஒவ்வொரு சத்தத்துக்கும் வேகத்தைக் குறைத்துக்கொண்டே வந்ததால், வெகுதூரம் பின்தங்கிவிட்டார். லிம்மின் வேன் பெட்ரோல் நிரப்ப எண்ணெய் நிலையத்தில் நின்றிருந்தது. ஒரு மேட்டில் ஏறும்போது என் சைக்கிளின் சங்கிலி கழன்றது. சாலையோரம் நிறுத்திக் குனிந்தேன்.

முதலில் வந்தது வாடை. ஈரச் சாணமும் கசக்கிய இலையும் கலந்த வாடை. பிறகு காட்டுக்குள் ஒரு கிளை முறிந்தது. காய்ந்த கிளை முறியும் சத்தம் இல்லை. பச்சை மரத்தைப் பிளக்கும் சத்தம். நிமிர்ந்து சைக்கிளைத் திருப்பினேன். என் வெளிச்சம் சாம்பல் நிறச் சுவர் ஒன்றின்மேல் விழுந்தது. சுவர் காதை விரித்தது.

அதன் காலடியில் குட்டி ஒன்று நின்றது.

ஓடக்கூடாது என்று மட்டும் தெரிந்தது. விளக்கை அணைக்க வேண்டும் என்று தோன்றியது. பொத்தானை அமுக்கினேன். அணையவில்லை, இன்னும் பிரகாசமானது. மறுபடி அமுக்கினேன். பளிச் பளிச்சென்று மின்னத் தொடங்கியது. என் புதிய விளக்கு, குட்டியோடு நிற்கும் யானையின் கண்ணில் கல்யாண மண்டபம்போல் மின்னிக்கொண்டிருந்தது. யானை தும்பிக்கையைத் தூக்கி, என் பக்கம் ஒரு அடி வைத்தது. தார்ச்சாலை அதிர்ந்தது.

அப்போதுதான் பின்னால், மேட்டின் கீழே, மூன்று விளக்குகளும் எரிய அக்கா வந்துகொண்டிருந்தார். அவர் பார்த்துவிட்டார் என்பது வெளிச்சம் நின்றதில் தெரிந்தது. திரும்பி ஓடிவிடுவார் என்றுதான் நினைத்தேன். நானாக இருந்தால் ஓடியிருப்பேன்.

கைப்பிடியில் இருந்த ஒரு விளக்கு அணைந்தது. பிறகு இன்னொன்று. கடைசியில் தலையில் இருந்ததும் அணைந்தது. என் விளக்கின் மின்னலைத் தவிர அந்தச் சாலையில் வேறு வெளிச்சமே இல்லை.

"வாணி, கையால மூடு" என்று இருட்டிலிருந்து மெல்லிய குரல் வந்தது.

உள்ளங்கையால் மூடினேன். விரல்களுக்கு நடுவே சிவப்பாக மின்னியது. யானை மூச்சுவிடுவது கேட்டது. தட்டுத்தடுமாறும் காலடி ஒன்று என்னை நோக்கி வந்தது; அது யானையுடையது இல்லை. பிறகு ஒரு மழைச்சட்டை என் கையோடு சேர்த்து விளக்கைச் சுற்றியது. முழு இருட்டு. ஐஸ்போலக் குளிர்ந்த ஒரு கை என் மணிக்கட்டைப் பிடித்து, சைக்கிளோடு சேர்த்துச் சாலையோரத் தடுப்பின் பக்கம் இழுத்தது. அங்கே ஒட்டிக்கொண்டு நின்றோம். காதோரம் அக்கா முணுமுணுப்பது கேட்டது:

"முருகா, முருகா, அந்த சுவிட்ச விடாம அமுக்கிப் பிடிக்கணும்டி, முருகா, அப்பதான் அணையும், முருகா."

அமுக்கிப் பிடித்தேன். அணைந்தது.

அதற்குப் பிறகு நாங்கள் எதையும் பார்க்கவில்லை, கேட்டோம், அவ்வளவுதான். நனைந்த சாக்குமூட்டையைத் தரையில் வைப்பதுபோல் ஒவ்வொரு காலடியும் மெத்தென்று விழுந்தது. மிக அருகில் ஒரு நீண்ட பெருமூச்சு. அதன் வெப்பம் முகத்தில் பட்டதாக இன்றைக்கும் நினைக்கிறேன். குட்டியின் சின்ன ஓட்டம் கேட்டது. எதிர்ப்பக்கப் புதர் சரசரவென்று விலகியது. பிறகு தவளைகள் மறுபடி கத்தத் தொடங்கின. அதுவரை அவை நின்றிருந்தன என்பதே அப்போதுதான் உறைத்தது.

வானம் வெளுக்கும்வரை நாங்கள் கையை விடவில்லை. முகம் தெரியும் அளவு வெளிச்சம் வந்ததும் அக்கா தார்ச்சாலையிலேயே உட்கார்ந்துவிட்டார். லிம் வேனோடு வந்து என் சங்கிலியை மாட்டிக் கொடுத்தார். வேனில் ஏறச் சொன்னதற்கு அக்கா மறுத்துவிட்டார். வேனில் உட்கார்ந்தால் சும்மா இருக்க வேண்டும், சும்மா இருந்தால் நினைப்பு வரும் என்றார். மெர்சிங்வரை மிதித்தார். மிதித்த தூரம் முழுக்க என் விளக்கைத் திட்டிக்கொண்டே வந்தார். உள்ளே என்ன இருக்கிறது என்று காட்டாததும், எப்படி அணைப்பது என்று சொல்லாததும் விளக்கே இல்லை என்றார். நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டே மிதித்தேன்.

படகுத்துறையில் தேவா அண்ணன் பரோட்டா போன்ற ரொட்டி சானாயும் நுரைக்க ஆற்றிய தே தாரேக் தேநீரும் வாங்கி வைத்துக் காத்திருந்தார். கதையைக் கேட்டு அவருக்கே முகம் வெளிறியது. அக்காவின் தைரியத்தைப் பாராட்டி, முகவர்களுக்கே உரிய நீண்ட உரை ஒன்றை ஆரம்பித்தார். அக்கா கையைக் காட்டி நிறுத்தினார்.

"தைரியமெல்லாம் இல்லண்ணே. எனக்கு அந்த இருட்டப் பாக்க முடியல. கண்ண இறுக்கி மூடிகிட்டுதான் நடந்தேன்."

அப்புறம் எப்படி என்னிடம் சரியாக வந்து சேர்ந்தீர்கள் என்று கேட்டேன்.

"உன் பல்லு அடிச்சிகிட்ட சத்தம் கேட்டுச்சு. அத வச்சித்தான் வந்தேன்."

எல்லோரும் சிரித்தோம். தேநீர்க் குவளையைக் கீழே வைத்துவிட்டுக் கடலைப் பார்த்தேன். தீவுக்குப் போகும் படகு ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்தது. அக்கா எதையோ சொல்ல ஆரம்பித்து, நடுவிலேயே, வாய் லேசாகத் திறந்தபடி, என் தோளில் சாய்ந்து தூங்கிப்போனார்.

தோள் மரத்துப்போயிற்று. வேன் தயார் என்று சொல்ல லிம் வந்தார். கொஞ்சம் பொறுங்கள் என்று மறு கையால் சைகை காட்டினேன்.