பதினேழு வோல்ட்டில் ஒரு பெண் அழைப்பு

பழைய கார் வைத்திருப்பவர்கள் எல்லாரும் அது ஓடவில்லை என்றுதான் அழுவார்கள். என் கார் பிரமாதமாக ஓடியது. என் மானம் போனதே அதனால்தான்.

செங்கல்பட்டு ஸ்டேஷன் வாசலில் என் நைனா முப்பது வருஷத்துக்கு மேல் டாக்ஸியாக ஓட்டிய அம்பாசிடர் அது. மாமல்லபுரம் பார்க்க வந்த வெள்ளைக்காரர்களை எல்லாம் சுமந்துவிட்டு, கடைசியில் மாட்டுக்கொட்டகையில் கோழிகளுக்கு வாடகையில்லாத வீடாக நின்றது. சிறுசேரியில் சாஃப்ட்வேர் டெஸ்டராக இருந்த நான் (அடுத்தவர் எழுதிய புரோகிராமில் குறை கண்டுபிடிப்பது என் உத்தியோகம், என் வேலையில் குறை கண்டுபிடிப்பது யார் உத்தியோகம் என்று அப்போது யோசிக்கவில்லை) சனி ஞாயிறெல்லாம் அதன் அடியில் படுத்தே கிடந்து, ஒரு வழியாக உயிர் கொடுத்தேன். தங்கை சுமதியின் கல்யாணத்துக்கு அதில்தான் பெண் அழைப்பு என்று வீட்டில் சபதமும் போட்டுவிட்டேன்.

கல்யாணத்துக்கு முந்தைய வாரம், போதும் என்று நிறுத்தாமல், இன்ஜின் அறைக்குள்ளும் இரண்டு கோட் பெயின்ட் அடித்தேன். ஸ்க்ரூ ஸ்க்ரூவாகக் கழற்றி, அடித்து, காயவைத்து, மாட்டினேன். அதில் சப்பாத்தி உருட்டலாம். அத்தனை வழவழப்பு.

அதற்கப்புறம் வண்டியின் ஹெட்லைட் கண்ணைப் பறித்தது. மற்ற அம்பாசிடர்களில் விளக்கு இருக்கிறதா என்று இறங்கிப் பார்க்க வேண்டும். என்னுடையதில் எதிரே வந்த பஸ் டிரைவர் கையெடுத்துக் கும்பிட்டார். ஹாரன் கன்றுக்குட்டியிலிருந்து யானைக்கு மாறியது. டேஷ்போர்டில் சார்ஜ் முள் பிளஸ் பக்கம் ஓரமாகப் போய் ஒட்டிக்கொண்டது. என்ன உழைப்பு பார் என்று பூரித்துப்போனேன். இரண்டு பல்பு ஃபியூஸ் ஆனது. கடைக்காரர் மட்டமான சரக்கைக் கொடுத்துவிட்டார் என்று சண்டை போட்டு, கூடுதலாக நான்கு வாங்கி டிக்கியில் வைத்தேன். பாட்டரியில் தண்ணீர் சீக்கிரம் குறைந்தது. வெயில் அப்படி என்று நினைத்தேன்.

சுமதியினுடையது காதல் கல்யாணம். நாவலூர் ஆபீசில் கூட வேலை பார்த்த பையன். நாங்கள் உள்ளே நெல் விளைகிற ஊர்க்காரர்கள். அவர்கள் நெம்மேலிப் பக்கம் கடலோரக் குப்பம். மாப்பிள்ளையின் அம்மா தேவகி அத்தை கரையில் மீன் ஏலம் எடுத்து வியாபாரம் செய்து பிள்ளையைப் படிக்கவைத்தவர். எங்கள் பெரியப்பா இந்தச் சம்பந்தத்துக்கு ஒரு வருஷம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்துவிட்டு, அப்போதுதான் வழிக்கு வந்திருந்தார்.

பெண்ணை அழைத்துப்போக அத்தையே செங்கல்பட்டு வந்தார். சாயங்காலம் கிளம்பினோம். நான் ஸ்டியரிங்கில், பக்கத்தில் பெரியப்பா, பின்னால் சுமதியும் அத்தையும். வண்டி முழுக்கப் பூச்சரமும் சீரியல் லைட்டும். மற்றவர்கள் வேனில் முன்னால் போய்விட்டார்கள்.

திருக்கழுக்குன்றம் தாண்டியதும் ஒரு நாற்றம் வந்தது. அழுகின முட்டை மாதிரி. ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், மரியாதையாகக் கண்ணாடியை இறக்கினோம். நாற்றம் போகவில்லை. கூடியது.

பெரியப்பா மூக்கை உறிஞ்சினார். "இன்னா சம்பந்திம்மா, சீர்வரிசையில கருவாடு ஏதும் வெச்சிக்கினு வந்துகீறீங்களா?"

அவர் தமாஷாகத்தான் கேட்டாராம். (இன்றுவரை அப்படித்தான் சொல்கிறார்.) கண்ணாடியில் பார்த்தேன். சுமதியின் கண்ணில் மை கரையத் தயாராக இருந்தது.

அத்தை நிதானமாகச் சொன்னார்: "நாப்பது வருசமா மீனுலதான் கீறேன். மீனு நாறுனா எனக்குத் தெரியாதா? வண்டிய நிறுத்து கௌரி. நான் ஆட்டோ புடிச்சிப் போறேன்."

நான் பிரேக் போடவும், இரண்டு ஹெட்லைட்டும் ஒரு தடவை வெள்ளையாக மின்னி அணையவும் சரியாக இருந்தது.

இருட்டிக்கொண்டு வந்த ஏரிக்கரை ரோட்டோரம் பட்டுப்புடவையோடு பானட்டைத் திறந்தேன். உள்ளே பாட்டரி சாம்பார் மாதிரி கொதித்துக்கொண்டிருந்தது. நாற்றத்தின் ஊற்று அதுதான்.

"பெரியப்பா, இங்க வந்து மோந்து பாருங்க!" என்று கத்தினேன்.

அவர் வாயில் பீடியோடு, தீப்பெட்டியை உரசப்போகிற கோலத்தில் வந்தார். பாட்டரி ஆவியில் நெருப்புப் பட்டால் வெடிக்கும். நான் போட்ட கூச்சலில் தீப்பெட்டி ஏரியில் விழுந்தது. தூரத்திலிருந்தே குனிந்து மோந்தார். முகம் சுண்டிப்போயிற்று.

"கருவாடு இல்ல," என்றார் மெதுவாக.

"சத்தமா சொல்லுங்க," என்றேன். எனக்கே ஆச்சரியம், பெரியப்பாவிடம் அதுவரை நான் அப்படிப் பேசியதில்லை. "நாத்தம் என் வண்டியோடது அத்தை. என் தப்பு. இது இன்னான்னு கண்டுபிடிக்காம இங்கருந்து நகர மாட்டேன். நீங்க இருந்து பாத்துட்டுதான் போவணும்."

அத்தை ஆட்டோவைத் தேடவில்லை. இடுப்பில் கைவைத்து நின்றார்.

பாட்டரி ஆறட்டும் என்று கொஞ்சம் விட்டு, டிக்கியிலிருந்து மல்ட்டிமீட்டரை எடுத்தேன். இன்ஜினை உறுமவிட்டு அளக்க வேண்டும். ஆக்சிலரேட்டரை மிதிக்க ஆள் வேண்டும். சுமதி மணப்பெண். பெரியப்பாவைத் தொடவிட எனக்கு மனசில்லை.

"தள்ளு, நான் மிதிக்கிறேன்," என்று அத்தை காஞ்சிபுரம் பட்டைத் தூக்கிச் செருகிக்கொண்டு டிரைவர் சீட்டில் உட்கார்ந்துவிட்டார்.

பதினாலு வோல்ட் காட்ட வேண்டிய இடத்தில் மீட்டர் பதினேழு காட்டியது. அத்தை மிதிக்க மிதிக்க ஏறியது. அந்த நொடியில் பிரகாசம், யானை ஹாரன், செத்த பல்புகள், கொதித்த பாட்டரி எல்லாம் ஒரே கோட்டில் வந்து நின்றன. டைனமோ அளவுக்குமேல் கொட்டுகிறது. போதும் என்று சொல்ல வேண்டிய ரெகுலேட்டர் பெட்டி சொல்லவில்லை. ஏன்?

பெட்டியின் உடம்புக்கும் பாட்டரி மைனஸுக்கும் நடுவே மீட்டரை வைத்தேன். பூஜ்யம் வர வேண்டும். மூன்று வோல்ட் வந்தது. எர்த் இல்லை! அந்தப் பெட்டி வண்டியின் வெறும் இரும்பைத் தொட்டுக்கொண்டிருந்தால்தான் அதற்கு எர்த் கிடைக்கும். நடுவில் என்னுடைய இரண்டு கோட் பெயின்ட், சப்பாத்தி உருட்டுகிற வழவழப்போடு, மெத்தை போட்டு உட்கார்ந்திருந்தது.

அலங்காரத்திலிருந்து சீரியல் லைட் ஒயரில் ஒரு முழம் வெட்டினேன். அத்தை அதை வாங்கி, இரண்டு முனையையும் பல்லாலேயே உரித்துக் கொடுத்தார். பெட்டியின் ஸ்க்ரூவைச் சுற்றிப் பெயின்டைச் சாவியால் சுரண்டினேன். (என் நெஞ்சைச் சுரண்டிய மாதிரி இருந்தது.) ஒயரின் ஒரு முனை அங்கே, மறுமுனை பாட்டரி மைனஸில்.

"மிதிங்க அத்தை!"

பதினாலு புள்ளி இரண்டு. இன்னும் மிதிக்கச் சொன்னேன். பதினாலு புள்ளி இரண்டேதான். நான் ரோட்டில் குதித்தேன். எதற்கு என்று தெரியாமலே அத்தையும் ஹாரனை அழுத்திக் கொண்டாடினார். கன்றுக்குட்டி திரும்பி வந்திருந்தது.

கடைக்காரரிடம் சண்டை போட்டு வாங்கிய பல்புகளை மாட்டினேன். பெரியப்பா கதவைத் திறந்து, "சம்பந்திம்மா, முன்னாடி உக்காருங்க. வாய் தவறிப் பேசிட்டேன், மன்னிச்சிக்கோங்க," என்றார். அத்தை முன்னால் ஏறினார். பெரியப்பா பின் சீட்டில், மணப்பெண்ணின் சீர்த்தட்டை மடியில் வைத்துக்கொண்டு, மூக்கைக்கூட உறிஞ்சாமல் வந்தார்.

மாமல்லபுரம் மண்டபத்தில் எல்லாரும் பதறிக்கொண்டு நின்றார்கள். அத்தை இறங்கியதும், கருவண்டு நிறத்தில் இருந்த என் கையைப் பிடித்துத் தூக்கி, ஏலம் கூறுகிற குரலில் சொன்னார்: "நடுரோட்டுல நின்னுபோன வண்டிய இந்தப் பொண்ணுதான் ரிப்பேர் பண்ணி இட்டாந்தா!" நைனா தோளில் கிடந்த பட்டுத் துண்டை எடுத்து என் கையைத் துடைத்தார். அந்தத் துண்டு அப்புறம் வெளுக்கவே இல்லை. கல்யாண ஆல்பத்தில் நான் கிரீஸ் மீசையோடுதான் இருக்கிறேன். எனக்கு மிகப் பிடித்த படம் அது.

அதன் பலனை இன்னும் அனுபவிக்கிறோம். சுமதி வீட்டுக்காரரிடம் குரலை உயர்த்தினாலும், பெரியப்பா சொத்துப் பேச்சில் மேஜையைத் தட்டினாலும், நான் கார் பெருமையை ஆரம்பித்தாலும், தேவகி அத்தை வெற்றிலையை மடித்தபடி ஒரே வார்த்தைதான் சொல்வார்:

"பதினேழுல கீற. பதினாலுக்கு வா."